ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை: உங்கள் வகுப்புப் பிள்ளைகளை அறிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக வகுப்பாசிரியர் பொறுப்பேற்பவர்களில் பலர் முதல் நாள் முதல் பாடவேளையிலேயே பிள்ளைகளை வரிசையாக எழுப்பி நிறுத்துகிறார்கள். "பெயர் என்ன? அப்பா என்ன வேலை செய்கிறார்? என்னவாக ஆசை?" நாற்பது பேரும் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆசிரியர் மனத்தில் நாலு பெயர்கூட நின்றிருக்காது. அப்பா இல்லாத பிள்ளை மட்டும், அதை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வைத்தவர் இவர் என்று ஆண்டு முழுவதும் நினைவில் வைத்திருக்கும்.

அந்தக் கேள்விகள் கேட்க வேண்டியவைதான். கேட்ட நேரம்தான் தவறு. முதலில் ஏடு, பிறகு பெயர், பிறகு கண்ணால் பார்ப்பது, வாசிக்கக் கேட்பது, எழுத வைப்பது. பேச்சு அதற்குப் பிறகு. வீட்டுப் படி ஏறுவது அதற்கும் பின்னால். ஜூனில் தொடங்கி இந்த வரிசையில் போனால் காலாண்டுத் தேர்வுக்குள் ஒரு வகுப்பு பிடிபட்டுவிடும்.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளையும் உதவி பெறும் பள்ளிகளையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புவரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர் நாள் முழுக்க உடனிருந்திருப்பார். ஆறில் பாடத்துக்கு ஒருவர் வருகிறார். கணக்கு ஆசிரியர் பார்க்கும் பையன் ஒருவன், தமிழாசிரியர் பார்க்கும் பையன் இன்னொருவன். முழுப் பையனை யாரும் பார்ப்பதில்லை. அவனை முழுதாகப் பார்க்கும் வேலை வகுப்பாசிரியருடையது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீளமான நோட்டு, ஒரு பென்சில், நாளொன்றுக்குப் பத்து நிமிடம். நோட்டில் பிள்ளைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். பென்சில் எதற்கென்றால், இந்த வயதில் செப்டம்பரில் எழுதியது டிசம்பரில் பொய்யாகிவிடும்.

நோட்டில் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், தீர்ப்பை எழுதக் கூடாது. "சோம்பேறி" என்பது தீர்ப்பு. "முதல் பாடவேளையில் மூன்று நாளும் மேசைமேல் தலை சாய்த்தான், மதிய உணவுக்குப் பிறகு சாய்க்கவில்லை" என்பது பார்த்தது. முதலாவதை எழுதிவிட்டால் உங்கள் வேலை அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது, காலையில் சாப்பிட்டானா என்ற அடுத்த கேள்விக்கு உங்களைத் தள்ளும்.

சாதி, குடும்பச் சண்டை, நோய் விவரம் எதுவும் இந்த நோட்டில் வேண்டாம். நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். கைபேசியில் குறித்து வைப்பதையும், ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதையும் அறவே தவிருங்கள். குழுவில் போட்ட செய்தி மாலைக்குள் ஊருக்குள் போய்விடும்.

2. பள்ளி திறப்பதற்கு முன் ஏடுகளைப் படியுங்கள்

சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ்கள், மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் உள்ளவை, சென்ற ஆண்டு வருகைப் பதிவேடு ஆகியவற்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். பிள்ளையிடம் கேட்கத் தேவையில்லாத பாதி விவரம் இவற்றிலேயே இருக்கிறது. அப்பா உயிரோடு இல்லை என்பதை ஏட்டில் படித்துக்கொண்டால் வகுப்பில் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்காது.

முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். ஏழாம் வகுப்பில் பதினான்கு வயதுப் பிள்ளை இருந்தால் நடுவில் எங்கோ படிப்பு அறுந்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழில் மூன்று நான்கு ஊர்ப் பெயர்கள் வந்தால் குடும்பம் வேலை தேடி அலைகிறது.

வருகைப் பதிவேட்டை எண்ணிக்கைக்காகப் பார்க்காமல் அதன் போக்கைப் பாருங்கள். மொத்தம் முப்பது நாள் வரவில்லை என்பதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்த முப்பதும் திங்கட்கிழமைகளா, சந்தை நாள்களா, பொங்கலுக்குப் பிறகு ஒரே மூச்சில் வராமல் போன ஆறு வாரமா என்று பார்த்தால்தான் கதை விளங்கும். பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கிளம்பும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே ஜனவரி கடைசியிலிருந்து கட்டங்கள் காலியாகவே இருக்கும். ஒரு பெண் பிள்ளை மாதந்தோறும் இரண்டு மூன்று நாள் தவறினால் பள்ளிக் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போடக் கூடை இருக்கிறதா?

மதிப்பெண் பட்டியலை இப்போது திறக்க வேண்டாம். சென்ற ஆண்டு ஆசிரியரிடம் "பையன் எப்படி?" என்று கேட்பதையும் மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். ஆனால் கேட்ட பிறகு உங்கள் கண் அவர் சொன்னதை மட்டுமே தேடும்.

3. முதல் வாரம்: பெயர்

நாற்பது பெயரை ஒரு வாரத்தில் மனத்தில் ஏற்ற ஒரு வழிதான் எனக்குத் தெரியும். கட்டுரை நோட்டுகளையும் வீட்டுப்பாட நோட்டுகளையும் நீங்களே ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். அட்டையில் பெயரைப் படித்து, முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி நீட்டுங்கள். வகுப்புத் தலைவனிடம் கட்டைத் தூக்கிக் கொடுத்து "விநியோகம் செய்" என்றால் பெயரெல்லாம் அவனுக்குத்தான் மனப்பாடமாகும், அவனுக்கு அது முன்பே தெரியும். கூடவே, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி மேசைமேல் வையுங்கள். இரண்டு வாரம் இடத்தை மாற்றாதீர்கள்.

ஏட்டுப் பெயரும் கூப்பிடும் பெயரும் வேறாக இருக்கலாம். "உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று ஒரு முறை கேட்பது மரியாதை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் முன்னெழுத்தைச் சேர்த்து மு. கார்த்திக், செ. கார்த்திக் என்று அழையுங்கள். குள்ள கார்த்திக், கறுப்பு கார்த்திக் என்று நீங்கள் ஒரு நாள் சொன்னால் பிள்ளைகள் ஆயுளுக்கும் சொல்வார்கள். பட்டப்பெயர்களைத் தெரிந்து வைத்திருங்கள், வாயில் மட்டும் வரக் கூடாது. திருப்பூர், ஓசூர்ப் பக்கம் பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய பெயரை அவர்கள் வாயாலேயே இரண்டு முறை சொல்லக் கேட்டு, அதே ஒலியில் திருப்பிச் சொல்லிப் பழகுங்கள்.

4. அடுத்த இரண்டு வாரம்: கேள்வி கேட்காமல் பாருங்கள்

வகுப்பறையில் பிள்ளை மாணவனாக மட்டுமே இருக்கும். வேறு இடங்களில் பாருங்கள்: காலையில் வாசலில் நுழையும்போது, இடைவேளையில், சத்துணவு வரிசையில், விளையாட்டுப் பாடவேளையில், மாலை மணி அடித்த பின். ஒரு நாளைக்கு ஓர் இடம், ஐந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் சத்தம் போடுகிறவர்கள் மட்டுமே கண்ணில் படுவார்கள்.

எதைப் பார்ப்பது? முதலாவது பசி. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை என்றே ஆரம்பிக்கப்பட்டது. தொடக்கப் பள்ளியில் காலையில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு ஆறாம் வகுப்புக்கு வந்த அன்று பசி நின்றுவிடுவதில்லை. முதல் இரண்டு பாடவேளையில் சோர்ந்தும் மதியத்துக்குப் பிறகு துறுதுறுவென்றும் இருக்கும் பிள்ளையின் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்.

இரண்டாவது கண்ணும் காதும். கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிற பிள்ளையைக் காப்பியடிப்பதாகத் திட்டுவது வழக்கம். அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். ஒரு பெண்ணின் கணக்கு நோட்டில் 8 எல்லாம் 3 ஆகவும், 6 எல்லாம் 0 ஆகவும் இருந்தன. கூட்டல் ஒன்றில்கூடத் தவறில்லை. தப்பாக எடுத்தெழுதிய எண்களை அவள் மிகச் சரியாகக் கூட்டியிருந்தாள். கணக்கில் மந்தம் என்று அவளைப் பற்றி அதுவரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்படிச் சந்தேகம் வந்தால் முதல் பெஞ்சுக்கு ஒரு வாரம் மாற்றிப் பாருங்கள். பிழை குறைந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பெயர் கொடுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி இலவசமாகவே கிடைக்கும். ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பிக் கேட்கிற பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடுத்தவன் தட்டிய பிறகே திரும்புகிற பிள்ளை ஆகியோரின் காதைச் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, தனிமை. எந்த விளையாட்டிலும் சேராமல், புத்தகமும் படிக்காமல், ஆசிரியர் அறை வாசலையே சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை உங்கள்மேல் உள்ள பாசம் என்று எடுத்துக்கொள்வது எளிது. பெரும்பாலும் அது பாதுகாப்பான இடம் தேடுவது.

5. தனித்தனியாக வாசிக்கக் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏழாம் வகுப்பு வந்துவிட்டான், வாசிக்கத் தெரியாமலா இருப்பான் என்று நினைக்கிறார்கள். தெரியாமல் இருக்கலாம். அதை மறைக்கும் கலையில் அவன் இதற்குள் தேர்ந்திருப்பான். பாடப் புத்தகம் திறக்கும் நேரத்தில் சாக்பீஸ் எடுத்துவர முதலில் எழுந்திருப்பான். தொண்டை கட்டியிருக்கிறது என்பான். முன்னால் வாசித்தவன் சொன்னதைக் காதால் பிடித்து அப்படியே ஒப்பிப்பான். சிலர் அதையும்விட நல்ல வழி கண்டிருப்பார்கள்: ஏதாவது சேட்டை செய்து வெளியே நிறுத்தப்படுவது. வாசிக்கத் தெரியாதவன் என்ற பெயரைவிட அடங்காதவன் என்ற பெயர் அந்த வயதில் எவ்வளவோ மேல்.

ஆகவே வகுப்பின் முன்னால் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். மதிய இடைவேளையில் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம் போதும். ஒரு நாளைக்கு நான்கு பேர் என்றால் பத்துப் பள்ளி நாளில் நாற்பது பேரும் முடிந்துவிடும். நன்றாகப் படிப்பவர்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது நாளே அது மக்குப் பிள்ளைகளின் வரிசை என்று பெயர் வாங்கிவிடும்.

நடத்தாத பாடத்திலிருந்து ஒரு பத்தியைக் கொடுங்கள், முதல் வரியிலிருந்து வேண்டாம். நடுவில் ஒரு வரியில் விரல் வைத்து "இங்கிருந்து" என்று சொல்லுங்கள். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. எழுத்துக் கூட்டுகிறானா, சொல்லாக வாசிக்கிறானா, வாசித்ததைத் தன் சொல்லில் சொல்ல முடிகிறதா என்று மூன்றை மட்டும் குறியுங்கள். திருத்தாதீர்கள், முகம் சுளிக்காதீர்கள். முடிந்ததும் "சரி, போய் விளையாடு" என்பது போதும். பிழையைத் திருத்த ஆரம்பித்தால் அது தேர்வாகிவிடும், அடுத்து வருகிறவன் வயிற்று வலி என்று போய்விடுவான்.

6. எழுத வையுங்கள், ஆனால் "என் லட்சியம்" வேண்டாம்

"என் லட்சியம்" என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பில் பாதிப் பேர் மருத்துவராகி ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்ப்பார்கள், மீதிப் பேர் மாவட்ட ஆட்சியராவார்கள். "என் குடும்பம்" என்றால் அன்பான அம்மா, பண்பான அப்பா. கட்டுரை நோட்டில் எப்படி எழுத வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கியது நாம்தான்.

அரைத் தாள் கொடுத்து, வாரம் ஒன்றாக, கீழே உள்ளவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

"இன்று காலை கண் விழித்ததிலிருந்து பள்ளி மணி அடிக்கும்வரை என்னென்ன செய்தாய்?" இது ஒன்றே ஒரு மாத விசாரணைக்குச் சமம். தண்ணீர் பிடித்தது, தங்கைக்குத் தலை வாரியது, மாட்டுக்குத் தவிடு கரைத்தது, பஸ்ஸைத் தவறவிட்டது எல்லாம் வந்துவிடும். "தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும்" என்று பதிவேட்டில் தினமும் எழுதுகிற பெண், இந்தத் தாளில், அம்மா மில் வேலைக்குப் போன பிறகு மூன்று பேருக்குச் சோறு கட்டியதை ஒரே வரியில் எழுதியிருப்பாள்.

"உனக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த, பள்ளியில் யாருக்கும் தெரியாத ஒரு வேலை என்ன?" தேர்வில் ஒற்றை இலக்கம் வாங்கும் பையன் பம்ப் செட் மோட்டாரைப் பிரித்து மாட்டுவது இப்படித்தான் வெளியே வரும்.

"எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் புரியாமல் போனது?" இதை முதல் வாரத்தில் கேட்டால் "எல்லாம் புரிகிறது" என்று எழுதுவார்கள். மூன்றாவது வாரத்துக்கு வையுங்கள்.

சிவப்பு மை தொடக் கூடாது. எழுத்துப்பிழையைத் திருத்தினால் அடுத்த முறை தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுதுவார்கள், விஷயம் சுருங்கிவிடும். பேச்சுத் தமிழில் எழுதலாம். தெலுங்கிலோ கன்னடத்திலோ இந்தியிலோ எழுதலாம். எழுத வராதவர்கள் படம் வரையலாம் அல்லது உங்களிடம் வந்து சொல்லலாம்.

தாளைக் கொடுக்கும்போதே உறுதிமொழியைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "இதை வகுப்பில் படிக்க மாட்டேன். உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவக்கூடியவரிடம் சொல்வேன்." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முழு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதைக் காப்பாற்றச் சட்டமே உங்களை அனுமதிக்காத நிலை வரலாம். பத்தாவது படியில் அதைச் சொல்கிறேன்.

7. யார் யாரோடு என்று வரைந்து பாருங்கள்

ஒரு துண்டுச் சீட்டில், "கணக்குப் பயிற்சி செய்ய யாரோடு உட்கார விரும்புவாய்? மூன்று பெயர் எழுது" என்று கேளுங்கள். யாரைப் பிடிக்காது என்று ஒருபோதும் கேட்காதீர்கள். மனத்தில் இருந்த வெறுப்புக்கு நீங்களே எழுத்து வடிவம் கொடுத்தவர் ஆவீர்கள்.

வீட்டில் ஒரு பெரிய தாளில் பிள்ளைக்கு ஒரு வட்டம் போட்டு, யார் யாரை எழுதினார்களோ அவர்களை நோக்கி அம்பு போடுங்கள். யாரிடமிருந்தும் அம்பு வராத வட்டங்கள்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. அடுத்து, தங்களுக்குள் மட்டும் அம்பு போட்டுக்கொண்டு வெளியே ஒரு கோடுகூட நீட்டாத கூட்டங்கள்.

அந்தக் கூட்டங்களை வீட்டு முகவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊர்த் தெரு ஒரு கூட்டமாகவும் காலனி ஒரு கூட்டமாகவும் பிரிந்திருந்தால் அது நட்பு மட்டுமல்ல என்று உங்களுக்கே தெரியும். கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு இருக்கிறதா என்று பார்ப்பது இதற்குப் பிறகு வெறும் சரிபார்ப்புதான். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, கயிறு முதலிய அடையாளங்கள் கூடாது, அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். அறிக்கை பேசியது பெரும்பாலும் பெரிய பிள்ளைகளைப் பற்றி என்று நினைத்து நடுநிலை வகுப்பு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கயிறு கைக்கு ஏறுவது இந்த வயதில்தான்.

இதற்குச் சொற்பொழிவு பயன்படாது. பத்து நிமிட வேலைகளுக்குக் குழு பிரித்து, குழுவை வாரம் ஒரு முறை கலைத்துப் போடுங்கள். அறிவியல் சோதனை, சுவர்ப் படம், தோட்டத்துக்குத் தண்ணீர் என்று கை வேலையாக இருந்தால் நல்லது. அம்பு வராத பிள்ளையை வகுப்பின் முதல் மாணவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து "நீ பார்த்துக்கொள்" என்று ஒப்படைப்பது, இரண்டு பேருக்குமே தண்டனை. அந்தப் பிள்ளை எழுதிய மூன்று பெயரில் ஒன்றை அதன் குழுவில் போட்டுவிடுங்கள், யாருக்கும் காரணம் சொல்லாமல்.

அம்புத் தாளை யாரிடமும் காட்ட வேண்டாம். சக ஆசிரியரிடம்கூட.

8. இப்போது பேசலாம்

இதுவரை வந்த பிறகு உங்களிடம் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள். "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை "ஒன்றுமில்லை சார்" என்றுதான் சொல்லும். "நேற்று சத்துணவில் உன் முட்டையைத் தம்பிக்குக் கொடுத்ததைப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அடுத்த வார்த்தை அவனுடையதாக இருக்கட்டும். அது வர அரை நிமிடம் ஆகலாம். அந்த அரை நிமிடத்தை நாம் பேசி நிரப்பிவிடுவதுதான் ஆசிரியர்களுக்கே உரிய வியாதி.

எதிரெதிரே நிறுத்தி வைத்துக் கேட்டால் அது விசாரணை. பக்கத்தில் நின்று ஏதாவது வேலை செய்துகொண்டே கேளுங்கள். நோட்டுகளை அடுக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சார்ட் ஒட்டுவது என எதுவும் ஆகும். கண் வேறு இடத்தில் இருந்தால் வாய் திறக்கும். இடம், பிறர் பார்க்கும்படியான வராந்தாவோ மரத்தடியோ ஆக இருக்க வேண்டும். கதவு சாத்திய அறை பிள்ளைக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. ஆண் ஆசிரியராக இருந்து, பெண் பிள்ளையின் உடல் சார்ந்த விஷயம் என்று தோன்றினால், அந்தப் பேச்சைப் பெண் ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள்.

"ஏன்" என்று ஆரம்பிக்கும் கேள்வி இந்த வயதில் குற்றச்சாட்டாகவே காதில் விழும். "ஏன் வீட்டுப்பாடம் செய்யவில்லை?" என்றால் சாக்கு வரும். "நேற்று மாலை வீட்டுக்குப் போனதும் என்ன நடந்தது?" என்றால் மாலை வரும்.

9. வீட்டுப் படி ஏறுவது

பெற்றோரிடம் முதல் பேச்சு நல்ல செய்தியாக இருக்க வேண்டும். பள்ளியிலிருந்து போன் என்றாலே "என்ன செய்து தொலைத்தான்?" என்று பதறுவார்கள். "ஒன்றுமில்லை அம்மா, உங்கள் பையன் இன்று மோட்டார் பற்றி வகுப்பில் விளக்கினான், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்று ஒரு முறை பேசிவிட்டால், பின்னால் புகார் சொல்ல நேர்ந்தாலும் காது கொடுப்பார்கள்.

நேரில் போவதற்கு முன் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். இரண்டு ஆசிரியர்களாகப் போங்கள். முதல் நாளே பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். திடீரென்று போய் நின்றால் துவைக்காத துணியும் கழுவாத பாத்திரமுமாக இருக்கும் வீட்டைப் பார்த்து அவர்கள் கூசிப் போவார்கள். கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் மாலை ஆறரைக்கு முன் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். அந்தத் தெருவில் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை வீட்டுக்கும் போங்கள். ஒரு வீட்டில் மட்டும் ஆசிரியர் நுழைந்தால், நீங்கள் பஸ் ஏறுவதற்குள் "அவன் என்ன திருடினானாம்?" என்று பேச்சு கிளம்பிவிடும்.

குடிக்க எது கொடுத்தாலும் குடியுங்கள். சொம்பில் தண்ணீரோ, கடையில் ஓடிப் போய் வாங்கி வந்த டீயோ, எதுவானாலும். "இப்போதுதான் குடித்தேன்" என்று மறுப்பது உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். எந்த வீடுகளில் அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். வாசற்படியில் நின்றபடியே பேசிவிட்டு வருவதும் அப்படித்தான்.

கால் மணி நேரம் போதும். நோட்டை எடுக்க வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம், மதிப்பெண் பேச வேண்டாம். பாட்டி இருந்தால் பாட்டியிடம் பேசுங்கள். பல வீடுகளில் பிள்ளையை வளர்ப்பவர் அவர்தான், பள்ளிக்கூட்டத்துக்கு வராதவரும் அவர்தான். விளக்கு எங்கே எரிகிறது, பிள்ளை எங்கே உட்கார்ந்து எழுதும் என்று கண்ணை மட்டும் ஓட்டிவிட்டு எழுந்துவிடுங்கள். குறிப்பை வீடு வந்து எழுதிக்கொள்ளலாம்.

10. உங்கள் கையை மீறியது வெளிவந்தால்

பிள்ளைகளை இவ்வளவு நெருங்கினால் சில நேரம் கனமான விஷயம் வந்து விழும். பாலியல் சீண்டல், வீட்டில் அடி, எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு. ஆயத்தமில்லாத ஆசிரியர் இரண்டு தவறு செய்கிறார்: சம்பந்தப்பட்டவரைத் தானே கூப்பிட்டு விசாரிப்பது, அல்லது பிள்ளையைத் தலைமையாசிரியர், மூத்த ஆசிரியர், பெற்றோர் என்று ஒவ்வொருவர் முன்னும் நிறுத்தி மறுபடி சொல்ல வைப்பது.

பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு தனித்தாளில் எழுதுங்கள். "நீ சொன்னது நல்லது, தப்பு உன்னுடையதல்ல" என்று சொல்லுங்கள். துருவாதீர்கள். பாலியல் குற்றம் என்றால், அவற்றிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரிய குற்றம். "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசி முடிப்போம்" என்று மேலிடத்தில் யார் சொன்னாலும் அந்தக் கடமை மாறாது. குழந்தைத் திருமணம், கொடுமை எதுவானாலும் 1098 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். உங்களிடம் சொல்ல முடியாத பிள்ளையும் அங்கே இருக்கிறது.

11. அறிந்ததை வைத்து ஒன்றையாவது மாற்றுங்கள்

பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கில் உடனடியாக ஒரு மாற்றம் செய்யுங்கள். தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்த பிறகும் எதுவும் மாறவில்லை என்றால் அடுத்த தாளை யாரும் உண்மையாக எழுத மாட்டார்கள்.

பெரிய மாற்றம் வேண்டியதில்லை. கண் சரியாகத் தெரியாதவளுக்கு முதல் பெஞ்ச். மாலையில் கடையைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு வீட்டுப்பாடத்தைக் காலை அரை மணி நேரத்தில் பள்ளியிலேயே செய்ய அனுமதி. எழுத்துக் கூட்டுகிறவனுக்கு, தங்கையின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து அவமானப்படுத்தாமல், அவனுக்குப் பிடித்த மோட்டார் பற்றி நீங்களே நாலு வரி எழுதிக் கொடுப்பது. எட்டாம் வகுப்பில் திறமையும் வறுமையும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளை என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வையுங்கள். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாமல் இருந்தால் எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். வருமானச் சான்றிதழ் இல்லாமல் கடைசி நேரத்தில் நின்றுபோகும் பிள்ளைகள் ஏராளம். யாரிடம் சான்றிதழ் இல்லை என்பதை ஜூலையிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாவம் பார்த்துப் பாடத்தைக் குறைக்காதீர்கள். வீட்டு நிலைமை தெரிந்த பிறகு "இவனிடம் இதை எதிர்பார்க்க வேண்டாம்" என்று விட்டுவிடும் ஆசிரியர், எதுவுமே தெரியாத ஆசிரியரைவிட அதிகக் கேடு செய்கிறார்.

12. காலாண்டுக்குப் பிறகும் ஆண்டு முடிவிலும்

காலாண்டு விடுமுறை முடிந்ததும் நோட்டை ஒரு முறை முழுக்கப் புரட்டுங்கள். யாருடைய பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது? அநேகமாக அது சேட்டை செய்யாத, முதல் மதிப்பெண்ணும் வாங்காத, நடுவரிசைப் பெண்ணாக இருப்பாள். அடுத்த இரண்டு வாரம் அந்தப் பக்கங்களுக்கு உரியவை. மூன்று பெயர் எழுதும் சீட்டைப் பொங்கலுக்குப் பிறகு மறுபடி கொடுங்கள். ஜூனில் இணைபிரியாமல் இருந்தவர்கள் ஜனவரியில் பேசுவதே இல்லை என்பது ஏழாம் வகுப்பில் சர்வசாதாரணம். பழைய அம்புகளை நம்பி உட்கார வைத்திருந்தால் மாற்றுங்கள்.

ஏப்ரலில் அடுத்த ஆசிரியருக்கு ஒரு பக்கம் மட்டும் எழுதிக் கொடுங்கள்: கூப்பிடும் பெயர், முதல் பெஞ்ச் தேவைப்படுகிறவர்கள், வாசிப்பு நிலை, எந்த வேலையில் யார் கை தேர்ந்தவர், பெற்றோரில் யாரிடம் எத்தனை மணிக்குப் பேச முடியும். சேட்டைகளும் சண்டைகளும் குடும்ப விஷயங்களும் அதில் வேண்டாம். புது வகுப்பில் புதிதாகத் தொடங்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. காவல்துறைக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ போன விவரங்கள் இருந்தால் அந்தத் தனித்தாள்கள் தலைமையாசிரியரின் பாதுகாப்பில் இருக்கட்டும். மற்றபடி நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஜூனுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.